வட்டார வேட்பாளரிடம் தோணாவைப் பற்றிக் கேட்பது எப்படி: செய்முறை விளக்கம்

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் படலைக்கு வந்த ஐந்து வேட்பாளர்களிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "வாவியைப் பாதுகாக்க என்ன செய்வீங்கள்?" ஐந்து பேரும் கட்டாயம் பாதுகாப்போம் என்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எங்கட தாய்மடி அண்ணன்" என்று கண்கலங்கவும் செய்தார். அவர்கள் போன பிறகு துண்டுப்பிரசுரங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் என்று சொல்ல என்னிடம் ஒரு சொல்கூட இல்லை.

பிழை என் கேள்வியில் இருந்தது. வாவி என்று பொதுவாகக் கேட்டேனே தவிர, எங்கள் தெருத் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோகும் ஓடையான தோணாவைப் பற்றிக் கேட்கவில்லை. அதைத் திருத்திக்கொண்டு மிச்ச நாட்களில் நானும் மச்சானும் செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை. எதில் இருந்தாலும் வழி இதுதான், அம்பாறைப் பக்கமும் அப்படியே. எங்கள் சபை எதுவென்று சொல்லப்போவதில்லை. சின்ன ஊர், ஆளைப் பிடித்துவிடுவார்கள். வட்டாரம் எது, எங்கே வாக்களிப்பது என்பதெல்லாம் வாக்காளர் அட்டையிலேயே இருக்கிறது, அதை விடுவோம்.

படி 1: சபையின் கையில் இருப்பதைப் பிரித்தெடுங்கள்

மயிலத்தமடு மேய்ச்சல் தரையைப் பற்றிக் கேட்டால் நம் ஊரில் எந்த வேட்பாளரும் மாட்டுப் பண்ணையாளர் பக்கம்தான் நிற்பார். ஆனால் அது மகாவலி அதிகாரசபையோடு உள்ள பிணக்கு, அதைத் தீர்க்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு இல்லை. மணல் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். கடலோரத்தில் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோரம் பேணல் திணைக்களத்தின் ஆட்சி. யானை வேலி என்றால் வனசீவராசிகள் திணைக்களம். இந்த விசயங்களில் வாக்குறுதி கொடுக்க ஒரு சதமும் செலவில்லை. அதனால்தான் எல்லோரும் அவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள்.

சபையின் கையில் இருப்பவை பார்வைக்குச் சப்பென்று இருக்கும். குப்பை எடுப்பது, எடுத்த குப்பையை எங்கே கொட்டுவது, வடிகான், சபை வீதி, சந்தை, கட்டிட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம். சிறிய தொழில்கள் பலவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்கும் வேலையையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை சபைகளிடமே ஒப்படைத்திருக்கிறது. குப்பையை மட்டும் எடுங்கள். லொறி கிழமைக்கு எத்தனை நாள் வரும் என்பதோடு எல்லோரும் நிற்கிறார்கள், லொறி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்த படங்கள் 2022இல் உலகம் முழுக்கப் போயின. அங்கே போய்ச் சேர்ந்ததும் அயல் ஊர்களின் வீட்டுக் குப்பைதான்.

நல்ல கேள்விகள் கிடைப்பது இரண்டு அதிகாரங்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில். வயலை நிரப்பக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சரி. ஆனால் நிரப்பிய வயலில் வீடோ கடையோ எழும்புவதற்குச் சபையின் கையொப்பம் வேண்டும். மணல் அனுமதி சுரங்கப் பணியகத்துடையது, ஆனால் டிப்பர் ஓடிக் குழியாகும் வீதி சபையுடையது.

படி 2: யாரிடம் கேட்பது?

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயர், சின்னம், அவ்வளவுதான். விருப்பு வாக்கும் கிடையாது. சபையில் ஏறத்தாழ 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்தில் வென்று வருபவர்கள். மிச்ச 40 வீதம் கட்சி கொடுத்த பெயர்ப் பட்டியலில் இருந்து வருபவர்கள், அவர்களைத் தெரிவது கட்சி. ஆக, உங்கள் வட்டாரத்தில் நிற்பவரிடம் கேட்பதோடு, அந்தக் கட்சியின் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் முதலில் பட்டியலைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 3: பழைய கூட்டறிக்கை

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முன்னர் உறுப்பினராக இருந்தவர் மீண்டும் கேட்கிறார் என்றால் அவர் வாயைக் கேட்கத் தேவையில்லை, கூட்டறிக்கை இருக்கிறது. மாதாந்த அமர்வில் எந்தப் பிரேரணையை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பது அதில் பதிவாகும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிரதியைக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என் முதல் தவறு, "குப்பை மற்றும் வடிகான் தொடர்பான சகல தகவல்களும்" என்று எழுதியது. இப்படிக் கேட்டால் ஒன்றும் வராது, வந்தாலும் ஆண்டறிக்கையின் ஒரு பக்கம் வரும். இப்படி எழுதுங்கள்: "2018 மார்ச் முதல் 2023 மார்ச் வரையான மாதாந்த அமர்வுகளில் திண்மக் கழிவு, வடிகான், கட்டிட அனுமதி தொடர்பாக எடுக்கப்பட்ட தீர்மானங்களும், அவற்றை முன்மொழிந்தோர், வழிமொழிந்தோர், எதிர்த்தோர் பெயர்களும் அடங்கிய கூட்டறிக்கைப் பக்கங்களின் பிரதி." ஆண்டு, விடயம், ஆவணத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். இப்போதைய உறுப்பினர்களைப் பார்ப்பதாக இருந்தால் 2025 ஜூன் முதல் என்று போடுங்கள்.

அடுத்த தவறு நாள். தகவல் அலுவலருக்கு 14 வேலை நாட்கள் அவகாசம் உண்டு, தேவையென்றால் மேலும் 21 நாள் நீட்டலாம். நான் திருத்திய கடிதத்தை ஏப்ரல் 7இல் பதிவுத் தபாலில் போட்டேன். இடையில் சித்திரை வருசம், பெரிய வெள்ளி. மாதம் முடியும்போது "மேலதிக கால அவகாசம் தேவை" என்று ஒரு கடிதம் வந்தது. பிரதி வந்து சேர்ந்தபோது தேர்தல் முடிந்து, வென்றவர் வெடி கொளுத்திய தாள்கூட மழையில் கரைந்துவிட்டது. அந்தத் தேர்தலில் வேட்புமனு மார்ச் 20இல் முடிந்தது, வாக்களிப்பு மே 6. நடுவில் 47 நாள்தான். வேட்புமனு முடியும்வரை காத்திருந்தாலே கடிதம் பிந்திவிடும். தேர்தல் வரும் என்று கதை அடிபடும்போதே அனுப்புங்கள்.

எங்களைக் காப்பாற்றியது வேறு வழி. மச்சானுக்குத் தெரிந்த முன்னாள் உறுப்பினர் ஒருவர் தனக்குத் தந்த கூட்டறிக்கைப் பிரதிகளை எறியாமல் வைத்திருந்தார். பழைய சாறத் துண்டால் கட்டிய மூன்று கட்டு, ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. விறாந்தையில் இருந்து இரண்டு பின்னேரம் வாசித்தோம். முன்மொழிந்தவர் பெயரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெறுமதியானது ஒவ்வொரு அறிக்கையின் தொடக்கத்திலும் வரும் "சமுகமளிக்காதோர்" என்ற வரி. தோணாக் கரையில் கட்டிட அனுமதி கொடுப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு பிரேரணை வந்த நாளில், துண்டுப்பிரசுரத்தில் "இயற்கையின் காவலன்" என்று போட்டிருந்த ஒருவர் அந்த வரியில் இருந்தார். ஒரு நாள் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதை வைத்து ஆளை அளக்க முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

இன்னொன்று. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச் 19உடன் கலைந்தன. அதன் பிறகு 2025 ஜூன் வரை உறுப்பினர் என்று யாரும் இல்லை, செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். எங்களிடம் ஒருவர், "2024 வெள்ளத்துக்குப் பிறகு சபையில சண்டை பிடிச்சு அந்த வடிகானை வெட்டுவிச்சது நான்தான்" என்றார். எந்த அமர்வில் என்று மச்சான் கேட்டார். பேச்சு உடனே கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டது.

படி 4: மேலிருந்து ஒரு பார்வை

கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் பார்க்கலாம். கைபேசியில் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. விரலால் இழுத்து இழுத்து இடமே மாறிப்போகும். யாருடையதாவது மடிக்கணினியை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். எங்கள் தோணா பழைய படத்தில் கரும்பச்சைக் கோடாக வாவி வரை ஓடுகிறது, இரண்டு பக்கமும் கண்ணா மரங்கள். அடுத்தடுத்த படங்களில் ஒரு பக்கம் கிறவல் நிறத்தில் சதுரம் சதுரமாக மாறுகிறது, பிறகு அதே சதுரங்களில் கூரைத் தகடு மின்னுகிறது. கடைசிப் படத்தில் தோணா ஒரு மதகின் அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. 2024 நவம்பரில் எங்கள் தெருவில் ஏன் முழங்காலளவு தண்ணீர் நின்றது என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

படம் இடத்தையும் காலத்தையும்தான் சொல்லும், யார் செய்தார் என்று சொல்லாது. அதைத் தூக்கி முகநூலில் போட்டு ஒருவர் பெயரை இழுக்காதீர்கள். கேள்விக்கு மட்டும் பாவியுங்கள்.

படி 5: கேள்வியை எழுதுங்கள்

ஒரு இடம், சபை செய்யக்கூடிய ஒரு செயல், ஒரு காலம். மூன்றும் இல்லாத கேள்வி "தாய்மடி"யில்தான் போய் முடியும். நாங்கள் கடைசியில் கேட்டவை இவைதான். எங்கள் தெருத் தோணாவின் இரு கரையிலும் புதுக் கட்டிட அனுமதியை நிறுத்த முதல் ஆறு மாதத்துக்குள் பிரேரணை கொண்டு வருவீர்களா? எங்கள் வட்டாரக் குப்பை இப்போது எங்கே கொட்டப்படுகிறது என்று தெரியுமா? சபை வீதியில் பாரமான டிப்பர் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிரேரணைக்குக் கை உயர்த்துவீர்களா, உங்கள் கட்சி வேண்டாம் என்றாலும்?

மூன்றுக்கு மேல் வேண்டாம். நான் முதலில் பதினொன்று எழுதினேன். மச்சான் வாசித்துவிட்டு, "இது என்ன, சோதனைத் தாளா?" என்றார்.

தொலைபேசியில் கேட்காதீர்கள், பிறகு அப்படிச் சொல்லவில்லை என்பார்கள். வட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் நீல நிறச் சரியோடு நின்றுவிடுவார்கள். படலையில் நின்று கேட்பதுதான் நல்லது. பதிலை அவர் முன்னாலேயே எழுதி, வாசித்துக் காட்டி, "இப்படிப் போடட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டு பேர் அந்த இடத்தில் பதிலை மாற்றினார்கள்.

படி 6: கொப்பி

கணினி அட்டவணை எல்லாம் தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி, ஆளுக்கு ஒரு பக்கம். பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, ஏழுக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவருக்கே தெரியாது. ஓம், மாட்டேன், தெரியாது, நழுவினார். இந்த நான்கு சொல் போதும். "அது சபைக்கு உட்பட்டது இல்ல அண்ணன், ஆனா வீதி எங்கட" என்று பிரித்துச் சொன்ன ஒருவருக்கு நான் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

எல்லோரிலும் எனக்குப் பிடித்த பக்கம் ஒரு முன்பள்ளி ஆசிரியையினுடையது. முதல் கேள்விக்கு, "அந்தத் தோணாவ நான் இன்னும் சரியாப் பாக்கல்ல அண்ணன். நாளைக்கு வாறன்" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். காலை ஆறரைக்கு வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மதகு வரை சேற்றில் நடந்தார். திரும்பி வந்து, "மதகு சின்னனா இருக்கு. கட்டிடத்த நிப்பாட்டினா மட்டும் காணாது" என்றார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

பின்னர் சேர்த்தது

வாசித்த ஒரு தங்கச்சி, தன் வட்டாரத்துக்கு இரண்டு உறுப்பினர்கள், யாரிடம் கேட்பது என்று கேட்டிருந்தார். பல அங்கத்தவர் வட்டாரத்திலும் வாக்கு ஒன்றுதான், வெல்லும் கட்சிக்கே எல்லா ஆசனமும். அதனால் ஒரே கட்சியின் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் ஓம் என்றும் மற்றவர் மாட்டேன் என்றும் சொன்னால், அதை இருவர் பக்கத்திலும் எழுதுங்கள்.

அந்த ஆசிரியைக்கு என்ன நடந்தது என்று பலர் கேட்டீர்கள். அவர் வட்டார வேட்பாளர் அல்ல, பட்டியலில் இருந்தவர். அவருடைய கட்சிக்குப் பட்டியலில் ஒரு ஆசனம் கிடைத்தது. கட்சி அதை வேறொருவருக்குக் கொடுத்தது. அந்த மற்றவரிடம் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. கொப்பியில் அவருக்குப் பக்கமே இல்லை. போன மாதம் ஒரு பக்கம் திறந்து பெயரை எழுதி, மூன்று கேள்வியையும் கொண்டு போனேன். முதல் இரண்டுக்கும் "தெரியாது" என்றார். மூன்றாவதுக்கு, அடுத்த அமர்வுக்குப் பிறகு வரச் சொன்னார்.