கையால் செய்த தாயம்: கட்டை, காய், துணிக் கட்டம்

அம்மா வீட்டில் தாயக்கட்டத்துக்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது. சிவப்பு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஏழுக்கு ஏழு கட்டம் போடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில் வழவழ டைல்ஸ், அதில் சாக்பீஸ் பிடிக்காது. கடையில் வாங்கிய அட்டைக் கட்டம் இரண்டே மாதத்தில் மடிப்போடு கிழிந்தது. அதோடு வந்த பிளாஸ்டிக் கட்டைக்குக் கனமே இல்லை. கையில் உருட்டினால் எதையோ பிடித்திருப்பது போலவே தோன்றாது. பிள்ளைகள் ஒரு வாரம் ஆடிவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதனால் போன வருடம் எல்லாவற்றையும் நானே செய்தேன். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க எங்கள் வீட்டில் பரமபதமும் தாயமும்தான் துணை, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மார்கழி பிறக்கும் முன்பே உட்கார்ந்தேன். தச்சு வேலையோ தையலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

தேவையான சாமான்: 12 மி.மீ. சதுரத்தில் இழைத்த தேக்குச் சட்டம் ஓரடி, உப்புத்தாள் (120, 220, 400 எண்கள்), சின்ன ரம்பம், கொஞ்சம் தேன்மெழுகு, ஒரு மீட்டர் காடாத் துணி, கெட்டியான எம்பிராய்டரி நூல் இரண்டு நிறம், உடைந்த மண்பானை ஓடுகள், குறடு, எனாமல் பெயின்ட்.

முதலில் கட்டை

பலரும் கட்டம் வரைவதில்தான் தொடங்குவார்கள். நான் கட்டையில் தொடங்கச் சொல்வேன். கட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஆட்டம் கெடாது. கட்டை கோணலாக இருந்தால் ஆட்டமே பொய்.

தாயக்கட்டை என்பது நான்கு முகம் உள்ள நீளக் கட்டை, இரண்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் ஒன்றும் வெறுமையும் சேர்ந்து தாயம் விழுவது இரண்டு விதத்தில். ஐந்தும் அப்படியே இரண்டு. மூன்றும் மூன்றும் சேர்ந்த ஆறு ஒரே ஒரு விதம், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் ஒரே விதம். ஆக, மறு ஆட்டம் தரும் எண்கள் 16-இல் 6 தடவை. ஆட்டத்தின் விறுவிறுப்பு முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கட்டையின் ஒரு முகம் மட்டும் அடிக்கடி விழுந்தால் இந்தக் கணக்கு குலைந்துபோகும்.

மரச்சட்டத்தை ஆசாரி பட்டறையில் கேளுங்கள். தேக்குத் துண்டுகள் அங்கே கழிவாகவே கிடக்கும். "பன்னிரண்டு மில்லி சதுரமா ஓரடி இழைச்சுக் குடுங்கண்ணே" என்றால் போதும். அதிலிருந்து 6 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். இரண்டு ஆட்டத்துக்கு, இரண்டு பழகிப் பார்க்க.

சட்டம் உண்மையிலேயே சதுரம்தானா என்று பார்க்க அளவுகோல் போதாது. ஒரே சட்டத்தில் வெட்டிய இரண்டு துண்டை ஒட்டி வைத்து, ஒன்றை மட்டும் கால் சுற்று திருப்புங்கள். சேரும் இடத்தின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் சதுரம். தட்டினால் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூட நகத்துக்குத் தெரிந்துவிடும்.

நான் முதலில் செய்த கட்டையில் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. இரண்டும் மூன்றும்தான் மாறி மாறி விழுந்தன. அதிகம் விழும் முகத்தைத் தேய்த்தால் சரியாகும் என்று நினைத்து அதையே தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமானது. காரணம் பிறகுதான் விளங்கியது. கட்டை அகலமான முகத்தில்தான் படுக்கும். அந்த முகத்தைத் தேய்த்தால் கட்டையின் உயரம் குறைந்து மேலும் தட்டையாகும், அகலம் அப்படியே இருக்கும். விழாத முகங்களைத்தான் தேய்க்க வேண்டும். அப்போதுதான் அகலம் குறைந்து நான்கு பக்கமும் சமமாகும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

தேய்க்கும்போது உப்புத்தாளைக் கையில் பிடிக்காதீர்கள். மேஜைமேல் தாளை விரித்து ஒட்டி, கட்டையை அதன்மேல் வைத்து ஒரே திசையில் இழுங்கள். தாளைக் கையில் வைத்துத் தேய்த்தால் ஓரங்கள் மழுங்கி, முகம் நடுவில் புடைத்துக்கொள்ளும். முதலில் 120, பிறகு 220, கடைசியில் 400. ஓரங்களை மட்டும் இரண்டே இழுப்பில் லேசாக மழுக்கினால் உள்ளங்கையில் உறுத்தாது. எல்லா ஓரத்துக்கும் அதே இரண்டு இழுப்புதான், ஒன்றில் கூடினாலும் கட்டை அந்தப் பக்கம் சாயும்.

அடுத்து சோதனை. நான்கு முகத்திலும் பென்சிலால் எண் எழுதி, ஒரு கட்டையை 80 தடவை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு முகம் 20 தடவை விழ வேண்டும். 12 முதல் 28 வரை இருந்தால் கவலை வேண்டாம், தற்செயலாகவே அவ்வளவு ஏற்ற இறக்கம் வரும். 30-ஐத் தாண்டினால் மறுபடி நகச் சோதனை, மறுபடி உப்புத்தாள். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். என் மகள் நோட்டில் கோடு போட்டு எண்ணியதில் அவளுக்கு அந்தக் கட்டைமேல் ஒரு உரிமையே வந்துவிட்டது.

புள்ளிகளை எனாமல் பெயின்டில், தீக்குச்சியின் மருந்தில்லாத நுனியால் வைக்கலாம். துளையிட்டு நிரப்பத் தெரிந்தவர்கள் 3 மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம், ஆழம் ஒரு மில்லி போதும். அப்படித் துளையிட்டால் வெறும் முகத்துக்கு எதிரே 1, இரண்டுக்கு எதிரே 3 வரட்டும். எதிரெதிர் முகங்களில் இழந்த மரம் ஏறக்குறைய சமமாக இருக்கும். பெயின்ட் காய்ந்தபின் தேன்மெழுகைத் துணியில் எடுத்து நன்றாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். வார்னிஷ் அடிக்காதீர்கள், உள்ளங்கையில் வழுக்கும், ஓரத்தில் தங்கித் திட்டுத் திட்டாகும்.

பித்தளைக் கட்டையின் கிணுகிணு சத்தம் மரத்தில் வராது என்பது உண்மை. ஆனால் பலாப்பலகைமேல் உருட்டிப் பாருங்கள், அதற்கென்று ஒரு கொட்டுச் சத்தம் உண்டு. துணிமேல் உருட்டாதீர்கள், புரளாமல் நின்றுவிடும்.

துணிக் கட்டம்

காடாத் துணியை முதலில் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி போய்ச் சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் கட்டம் தைத்தால் முதல் சலவையிலேயே எல்லாம் கோணிக்கொள்ளும்.

54 செ.மீ. சதுரம் வேண்டும். கத்தரியை நேராக ஓட்ட முயலாதீர்கள். வெட்ட வேண்டிய இடத்தில் ஊசி முனையால் ஒற்றை இழையைத் தூக்கி மெதுவாக உருவுங்கள். துணியில் மெல்லிய வாய்க்கால் மாதிரி ஒரு கோடு தெரியும். அதன்மேல் வெட்டினால் நூல் பிடித்தது போல நேராக வரும். நான்கு ஓரத்தையும் 2 செ.மீ. உள்மடித்துத் தைத்தால் 50 செ.மீ. மிஞ்சும்.

இதன் நடுவில், சுற்றிலும் 4 செ.மீ. விட்டு, 42 செ.மீ. சதுரம் வரையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் 59.4 செ.மீ. வர வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் சதுரம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். பிறகு 6 செ.மீ. இடைவெளியில் கோடுகள். மொத்தம் 49 கட்டம்: வெளிச்சுற்றில் 24, அடுத்ததில் 16, அதற்குள் 8, நடுவில் காய் போய்ச் சேரும் பழம்.

கோடுகளைச் சங்கிலித் தையலில் போட்டேன். பத்து நாள் சாயங்காலம் பிடித்தது. அவசரமென்றால் தையல் மிஷினில் இரட்டைத் தையல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சங்கிலித் தையல் கொஞ்சம் மேடாக நிற்கும், காய் நகர்த்தும்போது கட்டம் மாறுவது விரலுக்கே தெரியும். எங்கள் ஆச்சிக்குக் கண்பார்வை மங்கல். அவர் தடவிப் பார்த்தே கட்டம் எண்ணுகிறார்.

நான்கு பக்கத்தின் நடுக் கட்டத்திலும் மையத்திலும் சிவப்பு நூலால் பெருக்கல் குறி. இந்தக் குறி போட்ட கட்டம்தான் மலை, அதில் நிற்கும் காயை வெட்ட முடியாது. மற்ற மலைகள் எங்கே என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஊசியை எடுக்கும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சாக்கால் குறித்து, ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிடுங்கள்.

காய்கள்

புளியங்கொட்டை, வளையல் துண்டு, சோழி எது வைத்தும் ஆடலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: குன்றிமணியைத் தொடாதீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கொடிய விஷம். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. சிவப்பு விதைதான் வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது, அதையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது பானை ஓடு. கீழடி அகழாய்வில் சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன. உடைந்த ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் அவற்றில் உண்டு. பாண்டி ஆடச் சில்லு தேய்த்தவர்களுக்கு இந்த வேலை கைவந்ததுதான்.

தட்டையான ஓட்டில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போடுங்கள். குறடால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுங்கள். ஒரேயடியாகப் பெரிய துண்டை ஒடித்தால் ஓடு நடுவில் பிளக்கும். பிறகு சொரசொரப்பான கல்லில் தண்ணீர் ஊற்றி வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் கட்டாயம், உலர்ந்த ஓட்டுத்தூள் மூச்சில் போகக்கூடாது. ஆளுக்கு நான்கு காய், நான்கு பேருக்கு பதினாறு. தொலைவதற்கென்று ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடுதலாகச் செய்துவையுங்கள்.

நிறம் பூசும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிறவர்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கலாம். சிவப்புக்கு ஒரு புள்ளி, பச்சைக்கு ஒரு கோடு, மஞ்சளுக்கு வட்டம், நீலத்துக்குப் பெருக்கல் குறி என்று அடையாளமும் சேர்த்தால் யாருக்கும் குழப்பம் வராது.

சுருக்குப் பை

மிஞ்சிய காடாவில் 16-க்கு 40 செ.மீ. துண்டை இரண்டாக மடித்து, மேலே 3 செ.மீ. விட்டுப் பக்கங்களைத் தையுங்கள். அந்த மேல்பகுதியை மடித்துத் தைத்து நாடா கோத்தால் சுருக்குப் பை. காயும் கட்டையும் உள்ளே, துணிக் கட்டத்தைச் சுருட்டி அதே நாடாவால் ஒரு கட்டு.

கடைசியாக ஒன்று. துணியின் பின்பக்கத்தில், சலவைக்குப் போகாத மையால் உங்கள் வீட்டு விதிகளை எழுதிவையுங்கள். எங்கள் துணியில் மகளின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: தாயம் போட்டால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு ஆட்டம். ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்சுற்றுக்குப் போகக்கூடாது. அதற்குக் கீழே, ஆச்சி சொல்லச் சொல்ல எழுதியது: "சோத்துக்குக் கூப்பிட்டா கட்டத்தைக் கலைக்காம எந்திரிக்கணும்."