கமானோடு மல்லுக்கட்டாத டிராக்‌ஷன் பார்

போன மாதம் கனடாவின் கால்கரியில் தெரிந்த தம்பி ஒருவர் தன் பிக்கப்பை வீட்டு வாசலில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னார். அவரே வெட்டி, அவரே வெல்டிங் வைத்த டிராக்‌ஷன் பார்: வண்டி கிளம்பும்போது பின் ஆக்சில் திரும்பாமல் இருக்க, அதைச் சேஸிஸோடு இணைக்கும் கம்பி. "அண்ணா, ஆட்டிப் பாருங்க, துளி அசையாது" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015இல் என் வண்டிக்கு அடியில் நானும் இதே பூரிப்போடுதான் படுத்திருந்தேன்.

போல்ட்டை நன்றாக முடுக்குங்கள், கிரீஸ் வையுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை தெரியாமல் யாரும் இந்த வேலையில் இறங்குவதில்லை. இந்த பாரைப் போடும்போது நேரும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். லீஃப் ஸ்பிரிங்கை அங்கே கமான் என்போம். கமான் என்றால் வில். வண்டி கிளம்பும்போது சக்கரம் முன்னோக்கிச் சுழலும். அதற்கு எதிர்விசையாக ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் பின்னோக்கித் திரும்பப் பார்க்கும், ஷாஃப்ட் வந்து சேரும் அதன் பினியன் மூக்கு மேலே எழும். அதைத் தடுக்க அங்கே கமானை விட்டால் வேறு ஆளில்லை. வில்லாக இருக்க வேண்டிய பட்டை பாம்பாக நெளியும். டயர் பிடி விட்ட கணத்தில் விருட்டென்று நிமிரும். மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். பின்பக்கம் தடதடவென்று துள்ளுவது இதனால்தான். ஜாயின்ட் கிராஸ், ஷாஃப்ட், கிரவுன் பினியன் எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன.

விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். என்னுடையது 2006ஆம் ஆண்டு சில்வராடோ 2500, டூராமாக்ஸ் டீசல். எஞ்சின் முறுக்குவிசை 650 பவுண்ட்-அடி. அல்லிசன் கியர்பெட்டியின் முதல் கியர் 3.10, கிரவுன் விகிதம் 3.73. பெருக்கினால் 7,500 பவுண்ட்-அடிக்குச் சற்று மேல். டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும்போது கூட்டித் தருவதை இதில் சேர்க்கவில்லை.

நோய் தெரியாமல் மருந்து வாங்குவது

கிளம்பும்போது வரும் எல்லா அதிர்வும் கமான் நெளிவு அல்ல. இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடு பேரிங் ரப்பர் தளர்ந்தாலும் நடுக்கம் வரும். யு-போல்ட் தளர்ந்தாலும், பட்டை ஒன்று விரிசல் விட்டாலும் வரும். முதலில் அவற்றைப் பாருங்கள். அதோடு, உயரம் கூட்டுவதற்காகக் கமானுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பிளாக் வைத்திருக்கிறீர்களா? பிளாக் உயர உயர, கமானை முறுக்கும் நெம்புகோல் நீளும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்கியிருந்தால் பார் வாங்கும் காசில் முதலில் அதை எடுத்துவிட்டு, வளைவு கூடிய கமான் போடுங்கள். பழைய யு-போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒருமுறை இழுபட்டது இழுபட்டதுதான்.

மலிவான ரப்பர் முனை பார்

கமானின் அடியில் தட்டுப் போட்டு யு-போல்ட்டால் பிடிக்கும் குட்டை பார். விலை குறைவு, வெல்டிங் வேண்டாம். கார்களுக்குப் பழைய காலத்திலிருந்தே போடுகிறார்கள். அதன் ரப்பர் முனை கமானின் முன்கண்ணுக்கு (சேஸிஸில் மாட்டும் முன்முனை வளையம்) நேர் கீழே முட்ட வேண்டும். பிக்கப்பின் கமான் நீளமானது. காருக்கு வந்த பாரை வாங்கினால் ரப்பர் கண்ணுக்கு எட்டாமல் பட்டையின் நடுவில் முட்டி, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே வளைக்கும். வாங்கும் முன் ஆக்சில் நடுவிலிருந்து முன்கண் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தண்ணீர்க் குழாயில் பார் செய்வது

வேண்டாம். ஆக்சிலின் அடியிலிருந்து முன்னே போகும் பார், வண்டி கிளம்பும்போது அமுக்கு விசையில் இருக்கிறது. ஹவுசிங்கின் அடிப்பக்கம் முன்னோக்கித் தள்ளுகிறது. நீளமான குச்சியை இரு முனையிலும் அமுக்கினால் நடுவில் பிதுங்கும் அல்லவா, அதேதான். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் திறன் நாலில் ஒன்றாகிவிடும். ஹார்டுவேர் கடையின் 2 அங்குலக் குழாய்ச் சுவரின் கனம் 0.154 அங்குலம்தான். 2 அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவரும் உள்ள டி.ஓ.எம். டியூப் (அச்சில் இழுத்துச் செய்த எஃகுக் குழாய்) வாங்குங்கள். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் அந்தப் புகையில் சாயங்காலம் காய்ச்சலும் வரும்.

முன்முனையை நேராகச் சேஸிஸில் மாட்டுவது

இந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏணி வடிவ பார், ஆக்சிலில் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட் என இரண்டு இடத்தில் பிடிக்கிறது. அதனால் பாரும் ஆக்சிலும் சேர்ந்து ஒரே கட்டை. அதன் முன்முனையைச் சேஸிஸில் நேராக மாட்டிவிட்டால், ஆக்சில் ஏறி இறங்கும்போது அந்தப் போல்ட்டை மையமாக வைத்து வட்டமடிக்க வேண்டும். அதே ஆக்சிலைக் கமானும் பிடித்திருக்கிறது. கமானின் முன்கண் இருப்பது வேறு இடத்தில். அது போகச் சொல்லும் வட்டம் வேறு. ஒரே கட்டை ஒரே நேரத்தில் இரண்டு வட்டத்தில் போகாது. ஏதாவது வளைய வேண்டும், அல்லது கிழிய வேண்டும்.

அன்றைக்கு ஒரு பட்டறையில் கேட்டேன், முன்னால் ஷேக்கில் (ஊசலாடும் இணைப்புத் தட்டு) வேண்டாமா என்று. "ஷேக்கில் போட்டால் ஆட்டம் வரும், நேராக மாட்டு, அதுதான் பலம்" என்றார் அந்த ஆள். எனக்கும் அது பிடித்திருந்தது. மாட்டிய முதல் நாளே துள்ளல் போய்விட்டது. வண்டி மேடு பள்ளத்தில் மரக்கட்டை போல இடித்தது. அதையும் பலம் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து, டிரெய்லரில் ஜல்லி ஏற்றிக்கொண்டு சாய்வாக ஒரு வாசலுக்குள் திருப்பினேன். ஒரு சக்கரம் மேட்டில், மற்றது பள்ளத்தில். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலப்பக்கப் பிராக்கெட், ஆக்சில் குழாயின் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கியர் ஆயில் தெருவெல்லாம் ஓடியது. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஹவுசிங் வாங்கி, இழுவை வண்டிக்கும் கொடுத்து, 2,600 டாலர் போனது. ஷேக்கிலுக்கு வேண்டியது இரண்டு இரும்புத் தட்டு, இரண்டு போல்ட்.

ஏன் அந்தத் திருப்பத்தில் பிய்ந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது, இரு பக்கமும் விறைப்பாகப் பிடித்த இரண்டு பார்களும் ஆக்சில் குழாயைத் துணி பிழிவது போல எதிரெதிராக முறுக்குகின்றன. சாலைக்கு வெளியே ஓட்டுகிறவர்கள் பலர் ஏணி பாரை ஒரு பக்கம் மட்டும் போட்டு, முன்னால் ஷேக்கிலில் விடுவது இதற்காகத்தான். ஷேக்கில் முன்பின்னாக ஊசலாடும். மேலே எழுவதை மட்டும் தடுக்கும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்: திரும்புவதைப் பிடிக்க வேண்டும், ஏறி இறங்குவதை விட்டுவிட வேண்டும்.

ஷேக்கில் வேண்டாம் என்றால் ஒற்றைக் கம்பி பார் போடுங்கள், இரு முனையும் புஷ்ஷிலோ ஹைம் ஜாயின்ட்டிலோ (உருண்டை மூட்டு) சுழலும்படி. கமானின் முன்பாதிக்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில் இருந்தால் பினியன் கோணம் அதிகம் மாறாது.

இன்றுவரை மனசு ஆறாதது 2,600 டாலருக்காக அல்ல. சோதித்துப் பார்க்கக் காசே வேண்டாம் என்பதற்காக. பிராக்கெட்டுகளைப் பொட்டு வெல்டிங்கில் மட்டும் நிறுத்துங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சிலை முழுதாகத் தொங்கவிடுங்கள். பிறகு ஜாக்கியால் முழுதாக ஏற்றுங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் பாரின் முன்போல்ட்டின் நட்டைக் கழற்றிக் கையால் இழுங்கள். வந்தால் சரி. சுத்தியல் கேட்டால், பார் கமானோடு சண்டை போடுகிறது.

அந்தத் தம்பியின் வண்டியிலும் இதைச் செய்தோம். ஒரு பக்கச் சக்கரத்தை நாலு அங்குலம் ஏற்றியதுமே போல்ட் இறுகிக்கொண்டது. அவர் ஒன்றும் பேசாமல் கிரைண்டரை எடுத்துவந்து முன் பிராக்கெட்டை வெட்டினார். அடுத்த சனிக்கிழமை ஷேக்கில் மாட்டினோம்.

ஜாக்கியில் தொங்கும்போது பாரின் நீளம் வைப்பது

சக்கரம் தரையில் நிற்க, வழக்கமான பாரத்தோடு வையுங்கள். சரிசெய்த பின் பூட்டு நட்டை மறக்காதீர்கள்.

சேஸிஸ் விளிம்பில் துளை

மேல், கீழ் விளிம்புகளில் போடக் கூடாது. பக்கச் சுவரில் போடுங்கள், பின்னால் பிரேக் குழாய் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு.

பேட்டரி

இந்த மாதிரி டீசல் பிக்கப்பில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். வெல்டிங்குக்கு முன் இரண்டையும் கழற்றுங்கள்.

ஆக்சில் குழாயில் ஒரே மூச்சில் வெல்டிங்

குழாய் சூட்டில் வளையும். வளைந்தால் பேரிங்கும் சீலும் போகும். ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவில் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். தம்பி வண்டிக்கு நாலு பிராக்கெட் வைக்க எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது.