ஆஸ்கார் குஞ்சு வாங்கும் முன்…

மதுரை வளர்ப்பு மீன் கடைகளில் கவரில் கட்டித் தரும் ஆஸ்கார் மீன் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். நல்ல தீனி போட்டால் ஓராண்டிலேயே ஒரு சாண் தாண்டிவிடும், 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். தொட்டி 4 அடி நீளம், 250 லிட்டருக்குக் குறையவே கூடாது.

பூர்வீகம் அமேசான் படுகை. மெல்ல ஓடும் வெதுவெதுப்பான நீரில் மூழ்கிய மரக்கிளைகளின் நிழலில் கிடந்து பூச்சி, இறால், சின்ன மீன் என்று பிடித்துத் தின்னும். வாலடியில் ஆரஞ்சு வளையம் கட்டிய கறுப்புப் பொட்டைப் பாருங்கள், அசல் கண் மாதிரியே இருக்கும்! துடுப்பைக் கடிக்க வரும் பிரானா மீன்களை ஏமாற்றவே இது என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு இந்த மீனில் பிடித்ததே அதுதான்.

பெல்லட்டோடு (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) இறால் கொடுங்கள்; கோல்டுஃபிஷ் மீனைத் தீனியாகப் போட வேண்டாம், நோய் தொற்றும். மாநகராட்சித் தண்ணீரைக் குளோரின் போக்கிவிட்டே ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் நீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

வளர்க்க முடியாமல் போனால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வைகையிலோ கண்மாயிலோ தயவுசெய்து விடாதீர்கள். நம் கெண்டைக் குஞ்சுகளைத் தின்றுவிடும்.