மிரட்டலுக்கு ஆளான பிள்ளை சொல்ல வரும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு, என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தந்தை பதற்றத்துடன் அழைத்தார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையனிடம் இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் பழகிய யாரோ, வீடியோ அழைப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஐயாயிரம் ரூபாய் அனுப்பாவிட்டால் அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவதாக மிரட்டியிருக்கிறார். மூன்று நாட்கள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த பையன், கடைசியில் வேறு வழியின்றித் தந்தையிடம் கைபேசியை நீட்டியிருக்கிறான். அவர் என்னிடம் பேசிய நேரத்தில் அந்தக் கைபேசி சுவரில் மோதி நொறுங்கிக் கிடந்தது. பையனுக்கு ஓர் அறையும் விழுந்திருந்தது. மிரட்டிய ஐடியின் பெயர் என்ன என்று கேட்டேன். இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை வேறொரு கைபேசியில் பையனின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, மிரட்டல் செய்திகளை அனுப்பியவரே நீக்கியிருந்தார். பணம் கேட்ட யூபிஐ எண்ணும் அவற்றோடு போய்விட்டது.

அந்தத் தந்தை கெட்டவர் அல்லர். மகன் மீது உயிரையே வைத்திருந்தவர். ஆனால் மிரட்டியவன் செய்த கேடு ஒரு பங்கு என்றால், பிள்ளை வாய் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் பதற்றத்தில் செய்வது அதன் மேல் இன்னொரு பங்கைச் சேர்த்துவிடுகிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

அவற்றுள் மிகப் பெரிய தவறு, பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வியே: “நீ ஏன் படத்தை அனுப்பினாய்?” கேட்பவருக்கு அது விவரம் அறியும் கேள்வியாகத் தோன்றலாம், கேட்கப்படும் பிள்ளைக்கோ அது தீர்ப்பு. 2016-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில், மார்பிங் செய்யப்பட்ட தன் படங்கள் ஃபேஸ்புக்கில் வெளியானதால் ஓர் இளம்பெண் உயிரை விட்டார். காவல் துறையிடம் புகார் போயிருந்தும் விசாரணை மெதுவாகவே நகர்ந்தது; அதைப் பற்றி அப்போது தமிழகம் முழுவதும் பேசினோம். அதைவிட என்னை உறுத்தியது, தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதைப் பெற்றவர்களே நம்பவில்லையே என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதுதான். படம் போலியானதாக இருக்கலாம், பிள்ளையே அனுப்பியதாகவும் இருக்கலாம். இரண்டிலும் குற்றம் செய்தவர் மிரட்டுகிறவரே. “நீ சொன்னது நல்லது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதைத் தவிர அந்த முதல் இரவில் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. கண்டிக்க வேண்டியது இருந்தால் அதைப் பல வாரங்கள் கழித்துச் செய்யலாம்.

அடுத்தது, அவமானம் தாங்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடுவது. உரையாடலை நீக்குவது, கணக்கையே மூடுவது, மிரட்டியவரை உடனே பிளாக் செய்வது ஆகிய மூன்றும் இயல்பாக வரும் எண்ணங்கள்தாம். ஆனால் புகாருக்கு வேண்டிய தடயங்கள் அங்கேதான் இருக்கின்றன. திரையில் தெரியும் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, ஏனெனில் அதை நொடியில் மாற்றிவிடலாம். அந்தக் கணக்கின் பக்கத்துக்குப் போய் யூசர்நேமையும் முழு இணைப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும்; செய்திகளைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும்; இன்னொரு கைபேசியால் திரையைத் தொடக்கத்திலிருந்து நகர்த்தியபடி வீடியோவாகவும் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படம் என்றால், சான்றுக்காக என்றுகூட அதை உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அத்தகைய படத்தைப் பரப்புவதும் சேகரிப்பதும் குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அத்தகைய படத்தை நீக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் கீழ் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட முடிவு அதனால் ரத்தானது. ஆகவே மிரட்டல் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். படத்தை யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்காமல், கைபேசியோடு தாமதமின்றிக் காவல் துறையிடம் போங்கள்.

பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. இரண்டாயிரம் கொடுத்தவரிடம் இன்னும் இரண்டாயிரம் இருக்கும் என்பது மிரட்டுகிறவருக்குக் கிடைக்கும் முதல் தகவல். கெஞ்சுவதும் அப்படியே.

கைபேசியைப் பிடுங்கிக்கொள்வதைப் பல பெற்றோர் பாதுகாப்பு என்றே நம்புகிறார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் ஃபோன் போய்விடும் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட பிள்ளை, அடுத்த முறை சொல்லாது. அதன் தங்கையும் சொல்லாது. பெண் பிள்ளைகள் வீட்டில் இதோடு படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் மிரட்டுகிறவர் பிழைக்கிறார்.

ஊர் அறிய நியாயம் கேட்கிறேன் என்று எதிராளியின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும், குடும்பக் குழுவில் நடந்ததை விளக்குவதும் பிள்ளையின் அடையாளத்தையே வெளிப்படுத்துகின்றன. பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில், 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகளாலேயே வெளியானபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு பெயர் வெளியாவது எவ்வளவு பெரிய காயம் என்பதை நீதிமன்றம் அப்படி அளந்தது. அதே வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கள் சாட்சியத்திலிருந்து பின்வாங்காமல் நின்றார்கள்; 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. மிரட்டுவதற்காக எடுக்கப்பட்ட வீடியோக்களே எடுத்தவர்களுக்கு எதிரான சான்றாயின.

புகார் செய்தால் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள் என்று அஞ்சி ஒதுங்குகிறவர்களும் உண்டு. போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர்தான் பதிவு செய்ய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை காட்டித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பணம் ஏற்கெனவே போய்விட்டால் 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

படம் பரவிவிட்டால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடுவதும் சரியல்ல. பதினெட்டு வயதுக்குட்பட்டபோது எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் நம் கைபேசியை விட்டு வெளியே போகாமல், அதிலிருந்து ஓர் எண் குறியீடு மட்டும் உருவாக்கப்பட்டு, சேவையில் இணைந்துள்ள தளங்களுக்கு அனுப்பப்படுகிறது. பெரியவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ இதே வேலையைச் செய்கிறது.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று இரு வீட்டாரையும் அழைத்துச் சமாதானம் பேசி முடித்துவைத்த தலைமை ஆசிரியர்களை நான் அறிவேன். குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோவின் 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது; அது ஆசிரியர்களுக்கும் பொருந்தும்.

புகார் கொடுத்ததோடு பிள்ளை தேறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தூங்காமல் இருப்பது, நண்பர்களைத் தவிர்ப்பது, செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்வது ஆகிய எதையும் நாடகம் என்று தள்ளாமல், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். நான் முதலில் சொன்ன தந்தை, ஒரு மாதம் வரை மகனின் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தார். முதல் சில இரவுகள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள், அந்தக் கணக்கின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது என்று மகனே இருட்டில் சொன்னானாம்.