புளிக்குழம்பை எவர்சில்வர்ல வைக்கலாமா? நான் பண்றது இதுதான்

எவர்சில்வர்ல கலந்திருக்கிற நிக்கல்ங்கிற உலோகம் சாப்பாட்டுல இறங்குமான்னா, இறங்கும், ஆனா எல்லா சமையலுக்கும் ஒரே மாதிரி இல்ல. சோறு வடிக்க, பால் காய்ச்ச, பருப்பு வேகவைக்க யோசிக்கவே வேணாம். புளி, தக்காளி, எலுமிச்சைதான் விஷயம். ஸ்டீல் மேல கண்ணுக்கே தெரியாத குரோமியம் ஆக்ஸைடு படலம் ஒண்ணு இருக்கு, புளிப்பும் உப்பும் சேர்ந்து ரொம்ப நேரம் கொதிச்சா அது கொஞ்சம் கொஞ்சமா கரையும்.

2013ல அமெரிக்கால வந்த ஒரு ஆய்வுல தக்காளி சாஸை 6 மணி நேரம் ஸ்டீலோட கொதிக்கவிட்டப்போ நிக்கல் 26 மடங்கு வரைக்கும் ஏறியிருக்கு, புது ஸ்டீல்லதான் ரொம்ப அதிகம், திரும்பத் திரும்ப சமைக்க குறைஞ்சு ஆறாவது தடவைக்கு மேல ஒரு அளவுல நின்னுடுச்சு.

அதனால புதுப் பாத்திரம் வாங்கினா நேரா ரசம் வைக்காதீங்க. நல்லா கழுவிட்டு, புளித்தண்ணி ஊத்தி அரைமணி நேரம் கொதிக்கவிட்டு கொட்டிடுங்க, இப்படி அஞ்சாறு தடவை. பழைய புளி போதும், செலவே இல்ல.

அடுத்தது முக்கியம், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு எல்லாம் அதே பாத்திரத்துல மறுநாள் வரைக்கும் வைக்கவே வைக்காதீங்க, ஆறினதும் கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ மாத்திடுங்க. ஊறுகாய்க்கு ஜாடிதான். மணிக்கணக்கா சுண்டுற குழம்புன்னா மண்சட்டி எடுங்க.

கல்லுப்பைப் பச்சத்தண்ணில போட்டு அப்படியே விட்டா அடியில புள்ளி புள்ளியா அரிச்சிடும், தண்ணி கொதிச்சப்புறம் போட்டு கிண்டிவிடுங்க. கம்பி நாரும் வேணாம், அதோட துணுக்கு ஒட்டிக்கிட்டு துருப்பிடிக்கும். அடிபிடிச்சா சுடுதண்ணி ஊத்தி ஊறவிட்டாலே வந்துடும்.

பயப்படுற அளவா இதுன்னா, இல்ல. அந்த ஆய்வுலயே பத்தாவது தடவை சமைச்சப்போ 126 கிராம் சாஸுக்கு சராசரியா 88 மைக்ரோகிராம் நிக்கல்தான் இறங்கியிருக்கு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல சொன்ன வரம்பு ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 13 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 780. ஆனா கவரிங் கம்மல் போட்டாலே காது அரிச்சு புண்ணாகிறவங்க இருக்காங்கல்ல, அது பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி, அவங்க மட்டும் நிஜமாவே கவனமா இருக்கணும், தோல் டாக்டர்கிட்ட ஒருதரம் கேட்டுக்கோங்க. அவங்களுக்கு நிக்கல் கிட்டத்தட்ட இல்லாத 430 கிரேடு ஸ்டீல் நல்லது, காந்தம் ஒட்டும். மூணு அடுக்கு உலோகப் பாத்திரமான ட்ரைப்ளைலயும் இண்டக்‌ஷன் அடியிலயும்கூட ஒட்டும், ஆனா அதுல சாப்பாடு படுற உள்பக்கம் நிக்கல் இருக்கலாம், அதனால காந்தத்தை மட்டும் நம்பாம என்ன கிரேடுன்னு கடையில கேட்டே வாங்குங்க.