ஒரே தூள், வேறு வேறு காபி: இறக்குவதும் மிஞ்சியதைப் பயன்படுத்துவதும்

வீட்டில் போடும் காபி ஒரு நாள் மணமாகவும் மறுநாள் சப்பென்றும் அமைந்தால், நாம் முதலில் குறை சொல்வது தூளைத்தான். ஆனால் ஒரே தூளிலிருந்து நாக்கைச் சுருக்கும் புளிப்பான காபியையும் தொண்டையில் நிற்கும் கசப்பான காபியையும் எளிதாக இறக்கிவிடலாம். காபிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் தண்ணீரில் கரையக்கூடியது. அவ்வளவும் கோப்பைக்கு வந்துவிடக் கூடாது. எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கியிருந்தால் சுவை பொருந்தி வரும் என்பது காபித் தொழிலில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. அமிலங்கள் முதலில் இறங்குகின்றன, இனிப்பு அவற்றைத் தொடர்கிறது, கசப்பு கடைசியில் வருகிறது. ஆகவே காபி புளித்தால் போதிய அளவு இறங்கவில்லை என்று பொருள்: தூளை இன்னும் நைசாக அரைக்கலாம், அல்லது தண்ணீரைக் கூடுதல் சூடாகவோ கூடுதல் நேரமோ தூளோடு சேர்ந்திருக்க விடலாம். கசந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஒரு நாளுக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால், எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

அளவைப் பொறுத்தவரை, கரண்டியைக் கைவிட்டு ஒரு சிறிய டிஜிட்டல் தராசுக்கு மாறுவதைத்தான் நான் முதல் செலவாகப் பரிந்துரைப்பேன். அதிகம் வறுத்த கொட்டை உப்பி இலேசாகிவிடுவதால், ஒரே கரண்டியில் இளவறுவல் தூளும் கருவறுவல் தூளும் வெவ்வேறு எடை காட்டும். ஒரு கிராம் தூளுக்கு 15 முதல் 17 மில்லி லிட்டர் தண்ணீர் என்று தொடங்கலாம். அதாவது 15 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 240 மில்லி லிட்டர். பால் சேர்ப்பவர்கள் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து டிகாக்‌ஷனைத் திக்காக இறக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீரின் சூடு 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் மூடாமல் வைத்தால் போதும். தண்ணீரின் தன்மையும் கோப்பையில் தெரியும். மிகவும் கடினமான தண்ணீர் காபியின் மென்மையான புளிப்பை அமுக்கிவிடுகிறது. தாது உப்பே இல்லாத சுத்திகரித்த தண்ணீரோ காபியை உயிரற்றதாக ஆக்கிவிடுகிறது.

தூள் புதிதா பழையதா என்பதை உறையில் அச்சிட்ட தேதியைவிடத் தூளே தெளிவாகச் சொல்லிவிடும். வடிகட்டியில் தூளைச் சமமாகப் பரப்பி, அதன் எடையைப் போல இரண்டு மடங்கு வெந்நீரை மட்டும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்ல ஊற்றி நிறுத்துங்கள். அண்மையில் வறுத்த தூள் என்றால், சில நொடிகளில் மேற்பரப்பு பொங்கும் மாவைப் போல மேடிட்டு எழும். சிறு குமிழிகள் வெடித்து வெடித்து அடங்கும், மணம் முகத்தில் அடிக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கரியமில வாயு வெளியேறுவதே இதற்குக் காரணம். முப்பது, நாற்பது நொடிகள் பொறுத்து, வாயு போன பிறகு மீதித் தண்ணீரை ஊற்றினால் தூள் முழுவதும் சீராக நனையும். பழைய தூளோ சேறு போலத் தட்டையாகக் கிடக்கும். அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, பின்னால் சொல்லப்போகும் வேலைகளுக்கு அது உதவும். அரைத்த தூளின் மணம் மிக விரைவில் போய்விடுவதால், கையால் சுற்றும் ஒரு சிறு அரைவை எந்திரம் வாங்கிக்கொள்வது நல்லது. கொட்டையைக் காற்றும் வெளிச்சமும் புகாத டப்பாவில் அலமாரியில் வையுங்கள். தினமும் எடுக்கும் டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், திறக்கும்போதெல்லாம் ஈரம் பூக்கும்.

கருவிகளில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. காகித வடிகட்டியை 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி உருவாக்கினார். மகனின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த மை ஒற்றும் தாளில்தான் அவருடைய முதல் முயற்சி நடந்தது. காபியின் எண்ணெய்ப் பகுதியைக் காகிதம் பிடித்துக்கொள்வதால் காபி தெளிவாக இறங்குகிறது. கொலஸ்ட்ராலைக் கூட்டும் காஃபெஸ்டால் என்ற பொருளும் பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடுகிறது. தூளை ஊறவைத்து உலோக வலையால் அழுத்திப் பிரிக்கும் பிரெஞ்ச் பிரஸ் அந்த எண்ணெயைக் கோப்பைக்குள் விட்டுவிடுவதால் வாயில் கனமான காபி கிடைக்கும். அதற்குத் தூளைக் கொரகொரப்பாக அரைத்து 4 நிமிடம் ஊறவிட வேண்டும். அடுப்பில் நீராவி அழுத்தத்தால் காபியை மேலே ஏற்றும் மோக்கா பாத்திரத்தில் பலர் செய்யும் தவறுகள் இரண்டு: தூளை அழுத்தி நிரப்புவது, கரகர ஓசை எழுந்த பிறகும் அடுப்பிலேயே விட்டுவைப்பது. ஓசை தொடங்கியதும் இறக்கிவிட்டால் கசப்பில் பாதி குறைந்துவிடும்.

காஃபினைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நலமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லி கிராம் வரையும் கர்ப்பிணிகளுக்கு 200 மில்லி கிராம் வரையும் கவலைக்கு இடமில்லை. உடலில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதால், மாலைக் கோப்பையைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய டிகாக்‌ஷனை மறுபடி சூடாக்கிக் குடிப்பது வீண் வேலை. சூட்டில் நின்ற காபியில் அமிலங்கள் மாறிப் புளிப்பும் கசப்பும் ஏறிவிடுகின்றன. அதைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால், குளிர்ந்த பாலில் போடும்போது பால் நீர்த்துப்போகாது. சாக்லேட் கேக் மாவில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினால் காபிச் சுவை தனியே தெரியாமல் சாக்லேட்டின் சுவை ஆழமாகும். சம எடை சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஐஸ்கிரீம் மேல் ஊற்றப் பாகு கிடைக்கும்.

இனி, காபி இறக்கிய பின் மிஞ்சும் சக்கை. ஈரச் சக்கையை ஒரு மூடிய டப்பாவில் சேர்த்துவைத்த நான், நான்காம் நாள் திறந்தபோது பார்த்தது சாம்பல் நிறப் பூஞ்சையைத்தான். அன்றாடம் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கையில் ஒட்டாமல் உதிரும்வரை உலர்த்திய பிறகே சேமிக்க வேண்டும். உலர்ந்த சக்கையை ஒரு கிண்ணத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் வாடையை இழுத்துக்கொள்ளும். பூண்டு உரித்த கையில் ஒரு சிட்டிகை தேய்த்துக் கழுவினால் நாற்றம் தணியும். அடிப்பிடித்த இரும்புச் சட்டியைத் தேய்க்கவும் ஆகும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்திலும் பளிங்கு மேடையிலும் மட்டும் வேண்டாம், முதலாவது கீறும், இரண்டாவது கறைபடும். கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

செடிக்குச் சக்கை போடுவதைப் பற்றிய புகழ்ச்சி சற்று மிகையானது என்பது என் எண்ணம். அதில் தழைச்சத்து 2 சதவீதம் அளவுக்கு இருப்பது உண்மை. ஆனால் அது மட்கிய பிறகே வேருக்குக் கிடைக்கும். அமிலம் பெரும்பாலும் கோப்பைக்கு இறங்கிவிடுவதால், சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என்ற நம்பிக்கையும் பொருந்துவதில்லை. தொட்டியில் தடிமனாகப் பரப்பினால் அது ஓடுபோல இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. நாற்றுகளின் வளர்ச்சியும் தடைபடலாம். மட்கு உரக் குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் காய்ந்த இலைகளோடு கலந்து சேர்ப்பதே சரியான வழி. நாய் வளர்ப்பவர்கள் சக்கையை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், காஃபின் நாய்களுக்கு நஞ்சு.

அந்தப் பழைய தூளுக்கும் பயன் உண்டு. அதைத் திக்காக இறக்கி மூன்று கிண்ணங்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்தால், ஓவியத்துக்கு மூன்று பழுப்பு நிறங்கள் தயார். வெளிர் நிறத்தை முதலில் தீட்டி, நன்றாகக் காய்ந்த பின் அடர்ந்ததை மேலே ஏற்றுங்கள். ஈரத்தின் மேல் தீட்டினால் விளிம்பு கலங்கிவிடும். இன்னும் துணிந்தவர்கள் கறுப்பு வெள்ளைப் படச்சுருளையே காபியில் கழுவலாம். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த காஃபெனால் முறை அது. அதில் இன்ஸ்டன்ட் காபித்தூளில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள், சலவைச் சோடா தரும் காரத்தன்மையில் படத்தை வெளிக்கொணர்கின்றன. வைட்டமின் சி சேர்த்தால் வேலை விரைவாக நடக்கும். படத்தை நிலைநிறுத்த வழக்கமான ஃபிக்சர் தேவைதான். இந்தக் கலவையில் காபியின் மணத்தை எதிர்பார்க்காதீர்கள், குமட்டும். சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, சமையலுக்குத் திரும்பாத ஒரு பாத்திரத்தில் கலக்குங்கள்.