நாலு சிட்டம், ஒரு சட்டி: குழந்தைக்கு நூல் சாயம் போடச் சொல்லிக்கொடுக்கலாம் வாங்க

குழந்தையைச் சாயப்பட்டறைக்குள் விடுவதற்கு முன்னால் எந்தச் சாயத்தை அதன் கையில் கொடுக்கக் கூடாது என்பதை நாம் முடிவு பண்ணிவிட வேண்டும். நாங்கள் தொழிலுக்குப் போடும் வாட் என்கிற வகைச் சாயத்துக்குக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத் தூளும் வேண்டும். காஸ்டிக் தோலை அரித்துவிடும், ஹைட்ரோஸில் ஈரம் பட்டால் புகைந்து தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு உண்டு, அதனால் அந்தத் தொட்டிப் பக்கமே பிள்ளைகளுக்கு இடமில்லை. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கடுக்காய், படிகாரம், மாதுளைத் தோல் இந்த மூன்றையும் வைத்துத்தான். நீங்களும் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம், பட்டறை இல்லாதவர்கள் கொல்லைப்புறத்தில் ஒரு அடுப்பும் தண்ணீரும் இருந்தால் போதும்.

வேலை வெள்ளி மாலை ஆரம்பித்தால் ஞாயிறு சாயங்காலம் முடியும். பெரும்பாலான நேரம் நூல் ஊறிக்கொண்டு இருக்கும், நாம் சும்மாதான் இருப்போம்.

தேவையானவை: 20-ம் நம்பர் பருத்தி நூல் நாலு சிட்டம் (சிட்டம் என்பது வளையமாகச் சுற்றிய நூல் கட்டு), சாயம் ஏறாத பச்சை நூலாக. ஐந்து லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, இதற்கென்றே ஒதுக்கியது, திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. இரும்புச் சட்டியும் அலுமினியச் சட்டியும் வேண்டாம், இரண்டுமே நிறத்தை மாற்றும். இரண்டு பிளாஸ்டிக் வாளி, வழவழப்பான மூங்கில் கோல் இரண்டு, கிராம் காட்டும் தராசு, சலவை சோடா, கொஞ்சம் சோப்புத்தூள். கடுக்காய்த்தூள், படிகாரம், அன்னபேதி (இரும்பு கலந்த உப்பு) மூன்றும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அங்கே மயில்துத்தமும் இருக்கும், அதை வாங்காதீர்கள், அது விஷம். அன்னபேதியும் சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிட்டால் ஆபத்துதான், அந்தப் பொட்டலத்தைப் பெரியவர்கள் மட்டுமே எடுத்துக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதுளைத் தோலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பழச்சாறு கடையில் சொல்லி வைத்தால் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள், வெயிலில் காயவைத்து உடைத்து வைத்துக்கொள்ளலாம்.

எடை போடுவதும் கணக்கும்

குழந்தையின் முதல் வேலை தராசில். ஒரு சிட்டம் என்றால் 840 கெஜம், அதாவது ஏறக்குறைய 768 மீட்டர். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டம் என்கிற கணக்கு, 20-ம் நம்பர் என்றால் இருபது சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு, 453 கிராம் சொச்சம். அப்படியென்றால் ஒரு சிட்டம் எத்தனை கிராம்? பிள்ளையே வகுத்துப் பார்க்கட்டும், 22 அல்லது 23 வரும், அப்புறம் தராசில் வைத்துச் சரிபார்க்கட்டும். நாலு சிட்டத்துக்கு 90 கிராம்.

எல்லா அளவும் இந்த உலர்ந்த நூலின் எடையிலிருந்துதான் வரும். கடுக்காய்த்தூள் நூறுக்கு இருபது, ஆக 18 கிராம். படிகாரம் நூறுக்குப் பதினைந்து, 13 அல்லது 14 கிராம். காய்ந்த மாதுளைத் தோல் நூலின் எடைக்குச் சமமாக. தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் இந்த அளவு மாறாது, நூல் தாராளமாக நீந்த வேண்டும், அவ்வளவுதான், நாலு லிட்டர் போதும். ஒரு நோட்டில் இதையெல்லாம் அவளையே எழுதச் சொல்லுங்கள், அடுத்த தடவை அதே நிறம் வேண்டுமென்றால் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கட்டு போடுவது

ஒவ்வொரு சிட்டத்தையும் நாலு இடத்தில் பருத்திக் கயிறால் கட்ட வேண்டும், இல்லையென்றால் கொதிக்கிற தண்ணீரில் நூல் சிக்கு விழுந்து அதைப் பிரிக்கிறதுக்குள் உயிர் போய்விடும். கயிறு நூலுக்குள் எட்டு மாதிரி வளைந்து வரணும், கட்டு தொளதொளவென்று இருக்கணும், விரல் நுழைகிற அளவு. இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. அதை வேண்டுமென்றே பிறகு செய்வோம், இப்போது வேண்டாம்.

மெழுகு போக அவிப்பது

இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். கடையிலிருந்து வரும் பச்சை நூலில் பருத்திக்கே உரிய மெழுகுப் பசை இருக்கும், அது இருக்கிற வரை தண்ணீர் உள்ளே போகாது, தண்ணீர் போகாத இடத்துக்குச் சாயமும் போகாது. சாயம் திட்டுத் திட்டாக வந்தது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வேலையை ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சூடு பண்ணுவதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு துண்டு நூலைக் கொடுத்து வாளித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். மிதக்கும். நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடாவும் அரைத் தேக்கரண்டி சோப்புத்தூளும் போட்டு, நனைத்த சிட்டங்களை இறக்கி ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்க விட வேண்டும். ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அடுப்பு முழுக்கப் பெரியவர் பொறுப்பு, பிள்ளை இரண்டு அடி தள்ளி நின்று பார்க்கலாம். தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், வெள்ளையாகத் தெரிந்த நூலுக்குள் இவ்வளவு இருந்ததா என்று ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆறியதும் நன்றாக அலசி, மறுபடி ஒரு நூல் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே முங்கினால் வேலை முடிந்தது, மிதந்தால் இன்னொரு முறை அவிக்க வேண்டும்.

“சித்தப்பா, எப்ப கலர் போடுவோம்?” என்ற கேள்வி இந்த இடத்தில் கண்டிப்பாக வரும். நாளன்னிக்கு என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

கடுக்காய், அப்புறம் படிகாரம்

பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும், பருத்திக்கு அந்தப் பிடிப்பு குறைவு. அதனால் நடுவில் கடுக்காய் வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஒட்டும், அந்தத் துவர்ப்பில் படிகாரம் ஒட்டும், படிகாரத்தில் சாயம் ஒட்டும். பிள்ளைக்கு இந்த வரிசையைச் சொன்னால் போதும். சந்தேகமாக இருந்தால் கடுக்காய் போடாத நூல் துண்டு ஒன்றையும் கூடவே சட்டியில் போட்டு எடுக்கட்டும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

18 கிராம் கடுக்காய்த்தூளை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, நாலு லிட்டருக்குத் தண்ணீர் சேர்த்து வெள்ளி இரவு நூலை அதில் ஊறப்போடுங்கள். தூளைக் கரைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும், புழுதி பறக்கும். காலையில் நூல் மங்கலான மஞ்சளாக இருக்கும். அலச வேண்டாம், பிழிந்தால் போதும்.

சனிக்கிழமை காலையில் படிகாரத்தைப் பொடித்து வெந்நீரில் முழுசாகக் கரைத்து, கைபொறுக்கும் சூட்டில் நூலை இறக்கி மறுநாள் காலை வரை விட்டுவிடலாம். அன்று பிள்ளைக்கு ஒரே வேலை, போகும்போதும் வரும்போதும் நூலைப் புரட்டிவிடுவது. சனி இரவே மாதுளைத் தோலையும் ஊறவைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சாயச் சட்டி

ஊறிய தோலை அதே தண்ணீரோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். தோல் துண்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, ஒட்டிய இடத்தில் கறை நிற்கும். சாயத்தை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, நூலை லேசாக அலசி, ஈரமாகவே கோலில் மாட்டிச் சட்டிக்குள் இறக்குங்கள்.

இப்போதுதான் பிள்ளை நிஜமாகச் சாயம் போடுகிறது. கோல் சட்டியின் விளிம்பில் குறுக்காகக் கிடக்கும், சிட்டம் அதில் தொங்கும், கோலில் இருக்கிற பாகம் சாயத்துக்கு வெளியே இருக்கும், அதனால் நூலைப் பிடித்து மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடம்தான் முக்கியம், நூல் சாயத்தை வேகமாக இழுப்பது அப்போதுதான், அந்த நேரத்தில் பராக்குப் பார்த்தால் ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் வெளிறல். கை வலிக்குது என்றால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையைப் போட்டு வாட்டக் கூடாது, இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுதான். அதற்குப் பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றிக் கொதி வராமல் சூடாக்கி, முக்கால் மணி நேரம் கழித்து இறக்கி, அதிலேயே ஆறவிடுங்கள்.

நாலில் ஒன்றை மட்டும் சட்டிக்குப் போகும் முன் தனியே எடுத்து, ஓரிரு இடத்தில் பிளாஸ்டிக் கீற்றால் நறுக்கென்று இறுக்கிக் கட்டிவிடுங்கள். மதுரைச் சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்டுப் புள்ளி எடுக்கும் அதே வேலை, இங்கே நூலில். அவிழ்த்தால் உள்ளே கடுக்காயின் வெளிர் நிறம் அப்படியே இருக்கும்.

ஆறியதும் எல்லாச் சிட்டமும் மஞ்சள். முதல் சிட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கட்டுப்போட்டதும் அப்படியே. இன்னொரு வாளியில் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு கிராம் அன்னபேதியை நீங்களே கரைத்து, கையுறை மாட்டி, மூன்றாவது சிட்டத்தை முழுக்கவும் நாலாவதைப் பாதி வரைக்கும் முக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கண்ணெதிரே கருத்துப் பாசிப் பச்சையாகவோ சாம்பலாகவோ மாறும், அந்தக் காலத்து எழுத்து மை இப்படித்தான், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருத்ததுதான். ஐந்து நிமிடம் போதும். இரும்பு அதிகமானால் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும், இன்னும் கருப்பாகட்டும் என்று பிள்ளை கெஞ்சினாலும் கூடுதலாகப் போடாதீர்கள். உங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் அன்னபேதி தொடாத மஞ்சளே மங்கித்தான் வரும், அப்போது மழைத் தண்ணீரில் செய்து பாருங்கள்.

மஞ்சள்தூள் பற்றிக் கேட்பீர்கள். பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் ஓடிப்போகும், சேலைக்கோ பின்னலுக்கோ ஆகாது. விளையாட்டுக்கு நல்லது. மஞ்சள் ஏறிய நூல் துண்டைச் சுண்ணாம்புத் தெளிவில் தோய்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற மாதிரியே சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சிவப்புதான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் மஞ்சிட்டி வேர்த்தூள் வாங்குங்கள், அதே கடையில் உண்டு. கடுக்காய், படிகாரம் எல்லாம் இதே அளவு, தூளைத் துணியில் மூட்டை கட்டிப் போட வேண்டும், கொதிக்கவிட்டால் பழுப்பு அடித்துவிடும்.

உலர்த்துவது, மீதித் தண்ணீர்

சாயம் விடுவது நிற்கிற வரை அலசி, முறுக்கிப் பிழிந்து, கோலில் மாட்டிப் படீரென்று இரண்டு உதறு உதற வேண்டும். நூல் நேராகும், பிள்ளைக்கும் பிடித்த வேலை. நிழலில் உலர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி நோட்டில் ஒட்டி, இன்னொரு துண்டைப் பாதி மறைத்த அட்டையில் சுற்றி வெயில்படும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள், எந்த நிறம் நிற்கிறது என்று அதுவே காட்டும்.

சட்டியில் மிச்சமிருக்கும் சாயத்தைக் கொட்டாமல் இன்னொரு சிட்டம் போட்டால் வெளிர் மஞ்சள் கிடைக்கும். அதுவும் தீர்ந்த பிறகு நிறைய தண்ணீர் சேர்த்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். நொய்யல் ஆற்றில் கழிவு கலந்து 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளையே மூடச் சொன்ன கதையை இந்த இடத்தில் பிள்ளைக்குச் சொல்லலாம். நம்முடையது ஒரு சட்டி, ஆனாலும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிற பழக்கம் இப்போதே வரட்டும்.

இந்த நூலில் எதைப் பின்னினாலும், நெய்தாலும், துவைக்கிற பவுடர் வேண்டாம், அதிலுள்ள சோடாக் காரம் பட்டால் மஞ்சள் மாறிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள்.